ஃபாய் வீட்டு இரண்டு கரண்டி

“மரத்தடியில உக்காந்து நாங்களே இட்டுக்கட்டி எழுதினோம்ங்கிறீங்க, அதானே? வாயைத் திறந்து சொல்லுங்க டாக்டர், ஊரே கேக்கட்டும்!”

ஊர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஃபாத்திக் சுகாதார நிலையத்தின் மதில் மார்பளவு உயரம்தான். காலை பத்து மணிக்கு அந்தப் பக்கம் எந்த வேலையும் இல்லாத ஏழு பெண்கள், வீட்டில் உரிக்க வேண்டிய வெங்காயத்தை அங்கே நின்று உரித்துக்கொண்டிருந்தார்கள்.

கத்தியவள் நர்ஸ் டிபோர் ஜூஃப். எதிரே வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றவர் டாக்டர் எஸோம்பா, கேமரூன்காரர், இரண்டு விமானம் மாறி நேற்றுதான் வந்து இறங்கியவர். ஆப்பிரிக்காவில் இருதயமும் இரத்தச் சர்க்கரையும் எப்படிக் கெட்டுப்போகின்றன என்று கண்டுபிடிக்க ஐந்து நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கிறார்கள். எல்லா ஊர் எண்களும் கேமரூன் தலைநகர் யவுண்டேயில் இவர் மேசைக்குத்தான் போகும். செனகலின் பங்குக்கு ஃபாத்திக்கைக் காட்டிவிட்டார்கள். மூன்று வருடமாக டிபோரும் லாத்திர் ஃபாய் என்ற ஒல்லிப் பையனும் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் வீடு ஏறி இறங்கி, இரத்தம் எடுத்து, இரத்த அழுத்தம் பார்த்து, என்ன சாப்பிட்டாய், எவ்வளவு சாப்பிட்டாய் என்று கேட்டு எழுதினார்கள். டிபோர் இந்த மூன்று வருடத்தில் நாலு ஜோடிச் செருப்பு தேய்த்தாள். ஒரு நிச்சயதார்த்தமும் அதில் தேய்ந்து போனது என்று சொல்லிக்கொள்கிறார்கள். அது வேறு கதை.

“மதாம், கோபப்படாதீங்க,” என்றார் எஸோம்பா. கோபப்படாதே என்று சொல்லி எந்தப் பெண்ணின் கோபம் தணிந்திருக்கிறது? “எண்ணைப் பாருங்க. முந்நூறு பேருக்கு மேல மத்தியானச் சோறு ரெண்டே கரண்டின்னு சொல்லியிருக்காங்க. ஒருத்தர் மாதிரியே ஒருத்தர். ஆனா சர்க்கரை இருநூத்தம்பது, முந்நூறு. வயிறு குருவிக்கு, சர்க்கரை யானைக்கா? கானாவில இப்படி இல்ல, கென்யாவில இப்படி இல்ல. வியாழக்கிழமை குழு கூடுது. ஃபாத்திக்கை எடுத்துடலாம்னு பேச்சு.”

“எடுத்தா?”

“எடுத்தா… இங்க திட்டம் முடிஞ்சுது.”

முடிந்தது என்றால் மாதாமாதம் பெட்டியில் வரும் மாத்திரையும் முடிந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் வெங்காயம் உரிப்பது நின்றது. அந்த ஏழு பேரில் நாலு பேர் அந்த மாத்திரையைத்தான் விழுங்குகிறவர்கள்.

டிபோர் டாக்காரில் இருக்கும் பேராசிரியருக்குப் போன் போட்டாள். செனகல் பக்கத்துக்கு அவர்தான் தலைவர். ஃபாத்திக்குக்கு மூன்று வருடத்தில் ஒரே ஒரு தடவை வந்து, ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டுப் போனவர். “தங்கச்சி, கூட்டு வேலைன்னா அனுசரிச்சுத்தான் போகணும்,” என்றார். டிபோர் போனை வைத்தாள். பிறகு எஸோம்பாவின் தோள்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“வாங்க. நான் கேட்டு எழுதின ஆள் நெஜமாவே இருக்காளான்னு உங்க கண்ணால பாத்துட்டுப் போங்க.”

மருத்துவர் வந்தே ஆகவேண்டியிருந்தது. கணினி பையில் இருந்தது.

ஞிலான் ஃபாய் மீன் வியாபாரி. சந்தையில் அவள் குரலுக்குத் தனி எல்லை உண்டு. போன மாதம் அவளுக்குச் சர்க்கரை இருநூற்று எண்பது. காகிதத்தில் மத்தியானச் சோறு இரண்டு கரண்டி. இவர்கள் போய்ச் சேரும்போது முற்றத்தில் பாய் விரித்து, பெரிய வட்டில் நிறைய மீன் சோறு வைத்து, சுற்றி ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஐயோ, ஜூஃப் வந்துட்டா! வட்டிலை மூடுங்கடி!” என்று அலறினாள் ஞிலான். “வாசனை புடிச்சே வந்துருவாளுங்க இந்த ஜூஃப் அடிமைங்க. அடியே, உங்க வீட்டுல அடுப்பே இல்லையா?”

“இருக்கு. ஃபாய் வீட்டுக்காரி ஒருத்தி வந்து எல்லாத்தையும் வழிச்சுத் தின்னுட்டுப் போயிட்டா,” என்றபடி டிபோர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

எஸோம்பா முகம் வெளிறிவிட்டது. ஒரு நோயாளி நர்ஸைப் பார்த்து அடிமை என்கிறாள், நர்ஸ் கரண்டி கேட்கிறாள். ஞிலானின் மகள் தெனிங் அவருக்குப் பிரெஞ்சில் எடுத்துச் சொன்னாள். கல்லூரியில் படிக்கிற பெண். “சண்டை இல்லீங்க. ஜூஃபும் ஃபாயும் கேலிமுறைக்காரங்க. எங்க பாட்டன் முப்பாட்டன் காலத்துலேர்ந்து பாத்த எடத்துல ஏசிக்குவோம். ஏசலேன்னாதான் மனஸ்தாபம்.”

வட்டிலில் அவருக்கும் இடம் விட்டார்கள். ஞிலான் தன் பக்கத்துச் சோற்றை ஓரம் கட்டி, சுரண்டி, மீனை உதிர்த்து, அடியில் பிடித்த கருகலையும் விடாமல் சாப்பிட்டாள். எஸோம்பா எண்ணிப் பார்த்தார். எண்ணுவதுதானே அவர் தொழில்? எட்டு வரை எண்ணி நிறுத்திவிட்டார்.

“அம்மா, தினமும் எவ்வளவு சோறு சாப்பிடுவீங்க?”

ஞிலான் வாய் நிறைய வைத்துக்கொண்டு டிபோரை ஓரக்கண்ணால் பார்த்தாள். “ரெண்டு கரண்டி.”

“பாத்தீங்களா? இதைத்தான் எழுதினேன்,” என்றாள் டிபோர் வெற்றியோடு. ஆள் சொன்னதைச் சொன்னபடி எழுது, எதிர்த்துப் பேசாதே என்பது யவுண்டேயிலிருந்து வந்த பயிற்சி. அவள் ஒரு எழுத்து மாற்றியதில்லை. கை கழுவ எழுந்து வேலிப் படலுக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனாள்.

அங்கே தண்ணீர் நூலாக வந்தது. அதனால்தான் காதில் விழுந்தது. எஸோம்பா மறுபடி அதே கேள்வியைக் கேட்கிறார். ஞிலான் குரலை இறக்குகிறாள். ஞிலான் குரலை இறக்கினாலும் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

“ஒம்பது, பத்து கரண்டி வரும். அவ முன்னாடி அதைச் சொல்ல முடியுமா? ஒரு ஜூஃப் கேக்கறப்ப ஃபாய் வீட்டுப் பொண்ணு தன் வயித்தைக் காட்டிக் குடுப்பாளா? அப்புறம் பத்து தலைமொறைக்குச் சோத்துச்சட்டின்னு பாடுவாளுங்க!”

டிபோர் கையைக் கழுவ மறந்து நின்றாள். மூன்று வருடம். ஃபாய் வீடுகள் எல்லாம் அவள் பங்கு, ஜூஃப் வீடுகள் எல்லாம் லாத்திர் ஃபாயின் பங்கு. எந்த வீட்டில் நுழைந்தாலும் ஏச்சு, சிரிப்பு, இரண்டு கரண்டி. அந்தச் சிரிப்புக்காகவே வெயிலில் நடந்தாள். பதிலும் அந்தச் சிரிப்பில் ஒரு துண்டு என்று ஒருநாளும் தோன்றவில்லை. ஊரே தெரிந்து வைத்திருந்ததை எழுதியவள் மட்டும் தெரிந்துகொள்ளவில்லை.

அப்புறம்தான் அடுத்தது உறைத்தது. யார் வீட்டுக்கு யார் போவது என்று அவளா பிரித்தாள்?

படலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். எஸோம்பா சிரித்த முகமாக இருந்தார். “நல்லதாப் போச்சு மதாம்! பொய் இல்ல, வெறும் பிழை. ஃபாத்திக்கில அளவுப் பிழைன்னு குழுவில சொல்லிடறேன்.”

“ஃபாத்திக்கில பிழையா? ஒரே குடும்பப் பேர் உள்ளவங்க ஒருத்தரை ஒருத்தர் கேக்கக் கூடாது, பாரபட்சம் வரும்னு சட்டம் போட்டது யாரு?”

“அது… எல்லா நாட்டுக்கும் பொது விதி.”

“எங்க போட்டீங்க?”

“யவுண்டேல.”

“அந்த விதியாலதானே ஜூஃப் நான் ஃபாய் வீட்டுக்கும், ஃபாய் லாத்திர் ஜூஃப் வீட்டுக்கும் போனோம்! அஞ்சு நாடு சேந்து வேலை பாக்கறோம்னு பேரு. இந்த ஊர்ல யார் யார்கிட்ட உண்மை பேசுவாங்கன்னு ஒரு போன் போட்டுக் கேட்டீங்களா? இரத்தம் எங்க ஊர்ல, நடை எங்க கால்ல, விதி மட்டும் உங்க மேசையிலயா? நான் பொய்க்காரின்னு இங்கேர்ந்து யவுண்டே வரைக்கும் சொல்லிட்டீங்களே, அதை யார் அள்ளுவா?”

ஞிலான் இதுவரை வாயைத் திறக்காமல் இருந்ததே அதிசயம். “யாருடா அது எங்க ஜூஃபைப் பொய்க்காரின்னது? அவளை ஏசற உரிமை எங்களுக்கு மட்டுந்தான்!” என்று மீன் முள்ளோடு எழுந்தாள். தெனிங் அதை அப்படியே மொழிபெயர்க்கவில்லை, பாவம்.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு டிபோருக்கு அழைப்பு இல்லை. லாத்திர் எப்படியோ இணைப்பைப் பிடித்துவிட்டான். “அக்கா, நாம கேக்கலாம், பேசக் கூடாது,” என்றான். சுகாதார நிலையத்துக் கணினித் திரையில் ஐந்து நாட்டு முகங்கள். டாக்கார்ப் பேராசிரியர் தன் ஒலியை அணைத்துவிட்டு எதையோ மென்றுகொண்டிருந்தார். எஸோம்பா தொண்டையைச் செருமி, “செனகலில் தகவல் சேகரிப்பில் சில குறைகள்” என்று ஆரம்பித்தார்.

டிபோர் பேசினாள். கேலிமுறை, ஞிலான், இரண்டு கரண்டி, யவுண்டே விதி எல்லாவற்றையும் சொன்னாள். குறுக்கிட்ட கூட்டத் தலைவரை, “நான் முடிக்கல” என்று உட்கார வைத்தாள்.

 பிறகு கென்யாக்காரர் ஒருவர், கிசுமுவில் வீடு வீடாகப் போகிற ஊழியர், மெல்லக் கையைத் தூக்கினார். “எங்க ஊர்லயும் உண்டு. மாமியாருக்கும் மருமகனுக்கும் குடும்பப் பேர் வேற வேற. அதனால என்னை என் மாமியார் வீட்டுக்கே அனுப்பிச்சுது உங்க விதி. எங்க முறையில மருமகன் மாமியார் சாப்பிடறதைப் பாக்கவே கூடாது. அந்தம்மா உள்ள போய்க் கதவைச் சாத்திட்டாங்க. ‘பதில் இல்லை’ன்னு எழுதினேன். இது மாதிரி எழுபது வீடு. சாப்பிட்டது ஞாபகம் இல்லாத மறதி நோய்னு எண்ணிக்கிட்டிருக்கீங்களாமே?”

எஸோம்பா தலையைக் குனிந்து எதையோ தேடினார். எண்ணித்தான் இருந்தார்.

அதன்பின் ஃபாத்திக்கை எடுக்கும் பேச்சு எழவில்லை. எல்லாரையும் மறுபடி கேட்கவேண்டும், யாரை யார் கேட்பது என்று அந்தந்த ஊரே முடிவு செய்யட்டும் என்றார்கள். டிபோர் அதற்கும் அசையவில்லை. ஃபாத்திக் ஊழியர்கள் எதையும் இட்டுக்கட்டவில்லை என்று ஐந்து நாட்டுக்கும் கடிதம் போகட்டும், அதுவரை ஒரு வீட்டுப் படி ஏறமாட்டேன் என்றாள். பதினோரு நாள் ஏறவில்லை. அந்தப் பதினோரு நாளும் பேராசிரியர் தினம் ஒரு போன் போட்டு, அனுசரித்துப் போகச் சொன்னார். கடைசியில் கடிதம் வந்தது, எஸோம்பா கையெழுத்தோடு. தடுப்பூசி அட்டவணைக்கு மேலே அதை ஒட்டிவைத்துவிட்டு, அன்று மத்தியானமே ஜூஃப் வீடுகளுக்குக் கிளம்பினாள். ஃபாய் வீடுகள் லாத்திருக்கு. சர்க்கரைக்கும் சோற்றுக்கும் கணக்கு நேர்ப்பட்டது. மாத்திரைப் பெட்டி நிற்கவில்லை.

ஆராய்ச்சிக் கட்டுரை அடுத்த வருடம் வெளிவந்தது. முப்பத்தொரு பேர் எழுதியதாகப் போட்டிருந்தது. பேராசிரியர் மூன்றாவது. டிபோர் இருபத்தொன்பதாவது. லாத்திர் பெயர் இல்லவே இல்லை. அதற்காக அவள் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. இன்னொன்று எழுதியிருக்கிறாள், இந்தத் தடவை ஐந்து நாட்டுக்கும். கிசுமுக்காரரும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

எஸோம்பா பெல்ஜியம் போய்விட்டார். தெனிங் படிப்பை முடித்து ம்பூரில் ஒரு தையல்காரனைக் கட்டிக்கொண்டாள். பெயர் வராத லாத்திர் ஆராய்ச்சியே வேண்டாம் என்று கவுலாக்கில் மருந்துக்கடை வைத்து, அங்கேயே ஒரு சோவ் வீட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். டிபோரைக் கிழக்கே வெகு தொலைவில் தம்பாகூண்டாவுக்கு மாற்றியிருக்கிறார்கள். பதவி உயர்வு என்கிறார் பேராசிரியர். வரைபடத்தில் அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று பார்த்த யாரும் அதை நம்பவில்லை.