பல் ஆஸ்பத்திரியை இரண்டு நெட்வொர்க்காகப் பிரித்த கதை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. என் வீட்டு இணைய இணைப்பைச் சரிசெய்ய வந்த பெண்மணி, ரூட்டர் அணைந்து மறுபடி உயிர்பெறும் மூன்று நிமிட நேரத்தில் சொன்னது. அதை எழுத எனக்கு நான்கு மாதம் ஆகியிருக்கிறது. அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. கதைக்குள் வந்துவிட்டதால் இனி ‘அவள்’ என்று எழுதுவேன். நேரில் அப்படிச் சொல்ல எனக்குத் துணிச்சல் கிடையாது.

2

‘மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், தோளில் கேபிள் சுருளோடு அவள்—’

இல்லை. மழையே பெய்யவில்லை. தனிமை என்றதும் என் கை தன்பாட்டுக்கு மழையைத் தேடிப் போகிறது. நடந்தது ஒரு விடுமுறை நாள் காலை பத்து மணிக்கு, நல்ல வெயிலில்.

கீழ்த்தளமும் மாடியுமாக ஒரு பல் ஆஸ்பத்திரி. நடத்தியவர்கள் ஒரு டாக்டரும் அவர் மனைவியான டாக்டரம்மாவும். இருபத்திரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்துவிட்டுப் பிரிந்துவிட்டார்கள். கட்டடத்தை விற்க இருவருக்குமே மனம் வரவில்லை. கீழே டாக்டர், மாடியில் டாக்டரம்மா என்று முடிவாயிற்று. பதினொரு கம்ப்யூட்டர்கள் மட்டும் இந்தச் செய்தி தெரியாமல் இன்னும் ஒரே நெட்வொர்க்கில் கிடந்தன.

“ரெண்டாப் பிரிச்சுக் குடுத்துடுங்க” என்றார் டாக்டரம்மா. “எக்ஸ்ரே மெஷின் கீழே இருக்கு. அந்தப் படம் மட்டும் மேலே வரணும். வேற எதுவும் அங்கேருந்து இங்க வரக் கூடாது.”

“எதுவுமேவா டாக்டர்?”

“எதுவுமே.”

3

(கொஞ்சம் பாடம் நடத்தவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இதுபோன்ற சின்ன நெட்வொர்க்கில் 254 முகவரிகள் இருக்கும். மாஸ்க் என்றொரு எண் உண்டு. அதன் கடைசிப் பகுதியில் பூஜ்ஜியத்தை எடுத்துவிட்டு 128 என்று போட்டால் நடுவே ஒரு சுவர் எழும்பிவிடும். இந்தப் பக்கம் 126, அந்தப் பக்கம் 126. சுவரைத் தாண்டி எது போவதென்றாலும் ரூட்டர் வழியாகத்தான் போகவேண்டும். அதுவும் ரூட்டரில் அதற்கென்று ஒரு விதி எழுதியிருந்தால்தான்.

(“கூட்டினா ரெண்டு குறையுதே?” என்று கேட்டேன். “பிரிச்சா கொஞ்சம் வீணாப் போகும் சார்” என்றாள். உவமையாகச் சொல்லவில்லை. கணக்கைச் சொன்னாள்.)

ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து எண்களை மாற்றினாள். “எந்திரிம்மா, எந்திரி. உனக்கென்ன அவசரம், இரு” என்று அவற்றோடு பேசிக்கொண்டே மாற்றினாள். அவளிடம் அது நெடுநாள் பழக்கம். வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை.

4

மதியத்துக்குள் வேலை முடிந்தது. யாருடைய கடைவாய்ப் பல்லோ மாடித் திரையில் பளிச்சென்று வந்து நின்றது. எக்ஸ்ரேவுக்கு எழுதிய விதி சரி. மூட்டை கட்டலாம் என்று கீழே இறங்கி வந்தபோது டாக்டர் கூப்பிட்டார்.

“ஏம்மா, இதுல ஒரு பேரைக் காணோமே.”

ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொள்ள ஒரு சின்ன மென்பொருள் வைத்திருந்தார்கள். யார் யார் கம்ப்யூட்டரில் இருக்கிறார்கள் என்று அது வரிசையாகப் பெயர் காட்டும். இப்போது கீழ்த்தளப் பெயர்கள் மட்டுமே இருந்தன. டாக்டர் பழைய செய்திகளை மேலே நகர்த்திக் காட்டினார்.

‘டீ?’

‘ரெண்டு நிமிஷம்.’

‘ஆறிடுச்சு.’

‘வரேன்னு சொன்னேன்ல.’

அதுதான் கடைசி. பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

“இதுல நாங்க பேசிக்கிறதில்லைம்மா” என்றார் டாக்டர். “பேருக்குப் பக்கத்துல ஒரு பச்சைப் புள்ளி வரும். வந்துட்டாளான்னு தெரிஞ்சுக்குவேன். அவ்வளவுதான்.”

“இது ரூமுக்குள்ள நின்னு ‘யாரெல்லாம் இருக்கீங்க’ன்னு சத்தம் போட்டுக் கேக்குற மாதிரி டாக்டர். சத்தம் ரூட்டரைத் தாண்டாது. முகவரி போட்டு அனுப்பலாம், ஆனா அதுக்கும் ஒரு விதி எழுதணும்.”

“எழுதிடேன். ஒண்ணே ஒண்ணு. அவளுக்குத் தெரியவா போகுது?”

5

இந்த இடத்தில்தான் நான்கு மாதமும் போயிற்று.

முதல் பிரதியில் அவள் அந்த விதியை எழுதினாள். படித்த நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாவது பிரதியில் டாக்டரம்மாவும் ரகசியமாக அதையே கேட்டார். அது இன்னும் அழகாக வந்தது. அழகாக வந்த ஒரே காரணத்துக்காகக் கிழித்துப்போட்டேன்.

(எழுத வராதவனுக்குத்தான் எல்லாம் இப்படிப் பொருந்திவரும் என்று ஒரு பத்தி இங்கே இருந்தது. எடுத்துவிட்டேன்.)

கடைசியில் அவளுக்கே போன் போட்டு, “நீங்க ஏன் எழுதித் தரல?” என்று கேட்டேன்.

“எழுதணும்னுதான் இருந்துச்சு சார். என் வீட்டு ரூட்டர்ல என் போன் ஒண்ணுதான் ஓடுது. எனக்கும் ஒரு பச்சைப் புள்ளி இருந்து, அதை யாராவது பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா எனக்குத் தெரியாமப் பாக்கக் கூடாதுல்ல?”

போனை வைத்துவிட்டேன். நீங்களாக இருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள் என்று—

6

ஆகவே அவள் சொன்னது இதுதான்: “அதை அவங்கதான் சொல்லணும் டாக்டர்.”

“அவகிட்ட நான் எப்படிப் போய்க் கேக்கறது?”

“மாடிதானே. படிக்கட்டுக்கு நான் எந்தத் தடையும் போடலையே.”

சொன்னபிறகுதான், வாய் நீண்டுவிட்டதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். டாக்டர் கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். எழுந்து போய்ப் படியேறத் தொடங்கினார்.

வேலை முடிந்ததற்கு அவள் மாடியில் ஒரு கையெழுத்து வாங்கவேண்டியிருந்தது. காகிதத்தோடு படிக்கட்டின் அடியில் வந்து நின்றாள். படி திரும்பும் இடத்தில் கைப்பிடியைப் பிடித்தபடி டாக்டர் நின்றிருந்தார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அவரை இடித்துக்கொண்டு ஏற அவளுக்கு மனம் வரவில்லை.

மேலே நாற்காலி நகரும் ஓசை கேட்டது.

“யாரு?” என்றது டாக்டரம்மாவின் குரல்.

அவள் காகிதத்தைக் கீழ்த்தளத்து மேசைமேல் வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்துவிட்டாள். “அதுக்கு மேல நின்னு கேட்டா மரியாதையா இருக்காது சார்” என்றாள். மறுநாள் வேறு ஆளை அனுப்பி அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். அதில் டாக்டரம்மாவின் கையெழுத்து இருந்தது. கையெழுத்தைத் தவிர வேறெதுவும் அதில் இல்லை.

‘யாரு?’ என்ற அந்தக் கேள்விக்கு நான் ஏழு பதில்கள் எழுதிப் பார்த்தேன். ஆகச் சின்னது ‘நான்தான்’. அதையும் அடித்துவிட்டேன். டாக்டர் வாயில் நான் வைத்த எந்தச் சொல்லும் அவர் சொல்லாக ஒலிக்கவில்லை. படியில் நிற்பது இனி நீங்கள். சொல்வதென்றால் சீக்கிரம் சொல்லுங்கள். காலடிச் சத்தம் கதவுப் பக்கம் வந்துவிட்டது, தாழ்ப்பாளில் கை—