ஒரே சின்னத்தில் இரண்டு வேட்பாளர்கள்

சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த உத்தரவு ஒரே வரிதான்: ‘உங்கள் பகுதியில் உள்ள தொழிற்சங்கங்கள் எல்லாவற்றிலும் நம் கம்பெனிக்கு ஒரு நாற்காலி இருக்க வேண்டும்.’ வெண்சங்கு டெலிகாமின் ஓசூர்க் கிளை மேலாளர் ஜெயப்ரியா அதைப் படித்ததும், தொழிற்சங்கம் என்றால் கொடி பிடிக்கிற சங்கமா, முதலாளிகள் சங்கமா என்று கேட்டுப் பதில் எழுதினாள். முதலாளிகள் சங்கம் என்று பதில் வந்தது.

ஜெயப்ரியாவுக்கு ஊர் கோவில்பட்டி. ஓசூருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கொடுத்த வேலையை ஒரு படி கூடவே செய்து முடிக்கிற ரகம். பர்கூர் கிரானைட் சங்கத்தில் சேர்ந்தாள். மாம்பழக்கூழ் தயாரிப்பாளர் சங்கத்தில் சேர்ந்து, அங்கே கொடுத்த மூன்று டம்ளர் கூழையும் மரியாதைக்காகக் குடித்து, ஒரு நாள் விடுப்பு எடுத்தாள். கடைசியாக எல்லைப்புறச் சிறுதொழில் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

பக்கத்து நாற்காலிக்காரர் போட்டிருந்த சட்டையில் வெள்ளைச் சங்கு ஒன்று இருந்தது. அவள் சட்டையிலும் அதே சங்கு.

“நீங்க எந்தக் கம்பெனி சார்?”

“வெண்சங்கு மேடம். பேரு ஜெகதீஷ். நீங்க?”

“நானும் வெண்சங்குதான். உங்கள நான் ஆபீஸ்ல பாத்ததே இல்லியே?”

“நான் பெங்களூர் சர்க்கிள், மேடம். அத்திப்பள்ளி ஆபீஸ். இங்க பாதி ஃபேக்டரி நம்ம டவர்லதான ஓடுது? அதுக்குன்னு சேரச் சொன்னாங்கோ.”

ஒரே கம்பெனி, ஒரே சங்கு, மாநிலத்துக்கு ஒரு சர்க்கிள், அதாவது வட்டம்; வட்டத்துக்கு வட்டம் வேறு நிர்வாகம். சென்னைக்காரர்களுக்கும் பெங்களூர்க்காரர்களுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஜெயப்ரியா உடனே சென்னைக்குப் போன் போட்டாள். வட்டத் தலைவர் மறுமுனையில் கொதித்தார். “அவங்க எப்படி நம்ம மண்ணுல சேரலாம்? நீங்க விடாதீங்க!” ஜெகதீஷும் வராந்தாவின் அந்தக் கோடியில் நின்று கன்னடத்தில் “ஆயித்து சார், ஆயித்து சார்” என்று எல்லாவற்றுக்கும் சரி போட்டுக்கொண்டிருந்தான்.

அன்றைக்கென்று பார்த்து சங்கத் தலைவர் ரத்தினவேல் ஓர் அறிவிப்பு செய்தார். ஸ்பிரிங் தயாரிப்பவர் அவர், சண்டையே பிடிக்காத மனிதர். “சிக்னல் தொல்லைக்குன்னு ஒரு துணைக்குழு போடறோமுங்க. ஒருங்கிணைப்பாளர் ஒருத்தர் வேணும். நம்ம வெண்சங்கு கம்பெனியே இருக்குது, அவங்களே இருந்துக்கட்டும்.”

ஜெயப்ரியாவும் ஜெகதீஷும் ஒன்றாக எழுந்து நின்று ஒன்றாக நன்றி சொன்னார்கள்.

ரத்தினவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் இரண்டு பேர்தான் தெரிந்தார்கள். தேர்தல் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்த மூன்று வாரமும் ஜெயப்ரியா வாக்குக் கேட்டு ஷெட் ஷெட்டாக அலைந்தாள். அவள் போகிற இடத்துக்கெல்லாம் அரை மணி முன்னாலேயே ஜெகதீஷ் போய்விட்டிருந்தான். மாநில எல்லையை ஒட்டிய ஜூஜூவாடியில் லேத் பட்டறை வைத்திருந்த மாதேஸ்வரன் இரண்டு பேரையும் சேர்த்தே பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, அவங்க டவர நம்பாதீங்க. வெண்சங்குன்னா எங்க டவர்தான்,” என்றாள் ஜெயப்ரியா.

“இல்ல சார், வெண்சங்குன்னாலே பெங்களூர்தான்,” என்றான் ஜெகதீஷ்.

“அட இருங்க. லேத்துகிட்ட நின்னா கர்நாடகா டவர் எடுக்குது. டீ குடிக்க வெளிய வந்தா தமிழ்நாடு. நடுவுல நாலடிக்கு ஒண்ணுமே எடுக்கறதில்ல. என் மேசை அந்த நாலடியிலதான் கெடக்குது. புகார் சொன்னா நீ அவரக் கேளுங்கற, அவரு உன்னக் கேளுங்கறாரு. இதுல உங்களுக்கு ஓட்டு வேறயா?”

இரண்டு பேரும் ஆளுக்கொரு நோட்டீஸைக் கொடுத்துவிட்டு நழுவினார்கள்.

வாக்குச் சீட்டு அச்சடிக்கும்போது அடுத்த வில்லங்கம். சங்கத்து விதிப்படி வேட்பாளர் பெயர் வராது; கம்பெனிப் பெயரும் சின்னமும்தான் வரும். கம்பெனியின் சங்கைத் தவிர வேறு சின்னம் கூடாது என்று சென்னையிலிருந்து கடிதம் வந்தது. வரிக்கு வரி அதே கடிதம் பெங்களூரிலிருந்தும் வந்தது. ரத்தினவேல் பம்பரம், மாங்காய், நட்டு போல்ட்டு என்றெல்லாம் கெஞ்சிப் பார்த்தார். “சங்கு நல்ல சின்னம் இல்லம்மா. ஊதிட்டாங்கன்னு கிண்டல் பண்ணுவாங்க,” என்றும் சொன்னார். ஜெயப்ரியா மசியவில்லை. மசிந்தால் சென்னையில் யார் பதில் சொல்வது?

மனுத் தாக்கலின் கடைசி நாள், மூடப்போகிற நேரத்தில், ஜோதியம்மாள் வந்தாள். பதினொரு ஃபேக்டரிக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறவள். சங்கத்தில் பழைய உறுப்பினர். அவளுக்குத் தேர்தலில் எல்லாம் ஆசை கிடையாது. ஆனால் முந்தின வாரம் ஒரு நாள் காலையில், எல்லையோரத்து ஃபேக்டரி ஒன்றிலிருந்து விட்டு விட்டுக் கேட்ட போனில் “எழுபது சாப்பாடு” என்று சொன்னது அவள் காதில் “இருபது” என்று விழுந்திருந்தது. இருபது சாப்பாட்டோடு போன வண்டியை எழுபது பேர் சூழ்ந்துகொண்டார்கள். டிரைவர் தப்பித்து வந்தான். வண்டி மறுநாள்தான் வந்தது.

“எனக்கு கரண்டி சின்னம் போடுங்க தலைவரே,” என்றாள்.

தேர்தலன்று ஐம்பத்தெட்டு பேர் வாக்களித்தார்கள். பெட்டியைத் திறந்து கொட்டிய ரத்தினவேல் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்தார். அடுத்தடுத்த வரியில் இரண்டு வெண்சங்கு; மேலே இருந்தது சென்னை, கீழே இருந்தது பெங்களூர். ஒரே கம்பெனிதானே என்று சிலர் இரண்டிலும் குத்தியிருந்தார்கள். சிலர் இரண்டுக்கும் நடுவில் குத்தியிருந்தார்கள். ஒருவர் முத்திரையே குத்தாமல், ‘மொதல்ல உங்களுக்குள்ள பேசி முடிங்க’ என்று பேனாவால் எழுதியிருந்தார்.

சென்னைக்குப் பதினொன்று. பெங்களூருக்கு எட்டு. செல்லாதவை இருபது. கரண்டிக்குப் பத்தொன்பது.

“செல்லாத ஓட்டு ஜெயிச்சிருக்குதே, அதுக்கு ஆளு இருக்குதா?” என்று மாதேஸ்வரன் பின்னாலிருந்து கத்த, சிரிப்பு அடங்கவே பத்து நிமிடம் ஆயிற்று. ஜோதியம்மாள் மேடையேறி ஒரு வார்த்தைதான் பேசினாள். “நாளைக்குப் பத்து மணிக்கு ரெண்டு சங்கும் மாதேஸ்வரன் பட்டறைக்கு வந்துரணும்.”

போனார்கள். ஜோதியம்மாள் இரண்டு பேரையும் இரும்பு ஏணியில் ஏற்றி ஷெட் கூரைக்கே கொண்டுபோனாள். வடக்கே ஒரு டவர், தெற்கே ஒரு டவர்.

“இவ்வளவு பக்கத்துல ரெண்டு இருந்தும் ஏன் எடுக்கல?”

ஜெயப்ரியா தெற்கு டவரைக் காட்டினாள். “எங்க சிக்னல் கர்நாடகாவுக்குள்ள போகக் கூடாதுன்னு, ஆன்டெனாவ உள்பக்கமா திருப்பி வச்சிருக்கோம்க்கா.”

ஜெகதீஷ் தலையைச் சொறிந்தான். “நாங்களும் அதேதான் மேடம். உங்க பக்கம் வரக் கூடாதுன்னு.”

ஜோதியம்மாள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “புருசன் பொண்டாட்டி சண்ட போட்டுட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்த மாதிரி படுக்க வச்சிருக்கறீங்களேடா!”

ஜெயப்ரியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஜெகதீஷும் சிரித்தான். கூரைத் தகடு ஆடிய ஆட்டத்தில் கீழேயிருந்து மாதேஸ்வரன், “ஷீட்டு உடஞ்சா ரெண்டு சர்க்கிளும் தரணும்!” என்று கூவினார்.

ஆன்டெனாவைத் திருப்ப மேலிடத்து அனுமதி வேண்டும். சென்னையும் பெங்களூரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஜோதியம்மாள் இரண்டு வட்டத் தலைவர்களையும் தானே போனில் கூப்பிட்டாள்.

“சார், வர்ற வியாழக்கிழமை துணைக்குழுக் கூட்டம். நீங்க வந்தே ஆகணும். அந்த சாரும் வர்றாரு. மொச்சைக் கொட்டை குழம்பு.”

அந்த சார் வருகிறார் என்றதும் இரண்டு பேருமே வந்துவிட்டார்கள். பத்து வருடமாக மின்னஞ்சலில் சண்டை போட்டவர்கள் அன்றுதான் முதல்முறை நேரில் பார்த்துக்கொண்டார்கள். மாதேஸ்வரனின் மேசையில்தான் இலை போட்டிருந்தாள் ஜோதியம்மாள். உட்கார்ந்த கையோடு இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் புகார் சொல்லத் தத்தம் அலுவலகத்துக்குப் போன் போட்டார்கள். சிக்னல் இல்லை. எழுந்து போகவும் முடியாது. இலையில் சாதம் விழுந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் ஒருவரோடு ஒருவர் பேசினார்கள். முதலில் வெயிலைப் பற்றி. அப்புறம் குழம்பைப் பற்றி. ரசம் வருவதற்குள் ஆன்டெனாவைத் திருப்பும் அனுமதி கையெழுத்தாகிவிட்டது. ஜெயப்ரியா ஓடிப்போய்ப் பேனா கொண்டுவந்தாள். ஜெகதீஷ் அப்பளத்தை நகர்த்திக் காகிதத்துக்கு இடம் பண்ணினான்.

அடுத்த வாரமே இரண்டு ஆன்டெனாவும் திரும்பின. மாதேஸ்வரனின் மேசையில் முழுதாக நான்கு கோடு சிக்னல் வந்தது. ஒரே வாரத்தில் அவர் ஜெயப்ரியாவைக் கூப்பிட்டார். “ஏம்மா, முன்ன மாதிரியே பண்ணிட முடியுமா? இப்ப எல்லாத் தொந்தரவும் போன்ல நேரா எனக்கே வருது.”

“ஒருங்கிணைப்பாளர்கிட்ட எழுதிக் கொடுங்கண்ணே,” என்றாள் ஜெயப்ரியா.