துகள் எண்ணியும் இரண்டு ஓரகத்திகளும்

1

இந்தக் கதை ஒரு காகிதச் சுருளிலிருந்து வந்தது. மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் எட்டு மாதம் இரவு ஷிப்டு பார்த்தேன். பிறகு போவதை நிறுத்திவிட்டேன். ஏன் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. பகல் ஷிப்டுக்காரர்கள் விட்டுப்போன அச்சுச் சுருள் ஒன்றில், மூன்று நாள், ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஓர் எண் துள்ளிக் குதித்திருந்தது. அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. மற்றதெல்லாம் கைச்சரக்கு.

அங்கே கற்றுக்கொண்ட ஒரே ஒழுக்கம் இது: பதிவேட்டில் தவறாக எழுதினால் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட வேண்டும். கோட்டுக்கு அடியில் இருப்பதைப் படிக்க முடிய வேண்டும். இங்கேயும் அப்படித்தான். நான் அடித்ததை நீங்கள் படிக்கலாம்.

2

முதல் தொடக்கம்:

[அடித்தது: ஒளி நேர்கோட்டில்தான் செல்லும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் வாழ்க்கையில்]

'ஆனால் வாழ்க்கையில்' என்று எழுதியதுமே கை கூசியது.

இரண்டாவது:

[அடித்தது: வெள்ளை உடைக்குள் அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கண்களில் ஒரு சோகம்]

அந்த உடையைப் போட்டுப் பாருங்கள். கண்ணில் சோகமாவது ஒன்றாவது. வியர்வைதான் வழியும்.

மூன்றாவது இருந்துவிட்டுப் போகட்டும்:

பெரியவள் கண்ணாடிச் சுவருக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். அவள் வேலை, உள்ளே காற்றில் எத்தனை துகள் என்று காட்டும் எண்ணைப் பார்ப்பது. சுவருக்கு உள்ளே, கண் அறுவைக்குப் பின் போடும் சொட்டு மருந்தைக் குப்பிகளில் நிரப்பும் அறை. தலைமுதல் கால்வரை வெள்ளை உறை போட்ட ஆறு பேர், தண்ணீருக்குள் நடப்பவர்களைப் போல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார்கள். வேகமாக நடந்தால் உறையின் இடுக்குகள் வழியே தூசு கிளம்பும். ஆறு பேரில் ஒருத்தி சின்னவள். பெரியவளுடைய கணவனின் தம்பி மனைவி. ஒரே வீடு, ஒரே அடுப்படி, ஒரே மாமியார். ஐந்தரை மாதமாக ஒரே தொழிற்சாலையும். வேலைக்குச் சொல்லிவிட்டதே பெரியவள்தான்.

3

துகளை எண்ணும் கருவியைப் பற்றிச் சொல்லாமல் தீராது.

அறையின் காற்றை ஒரு மெல்லிய குழாய் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றின் குறுக்கே ஒரு லேசர் கதிர். காற்று சுத்தமாக இருந்தால் ஒளி நேராகப் போய் ஒரு கறுப்புப் பொறிக்குள் விழுந்து அணைந்துவிடும். துகள் ஒன்று குறுக்கே வந்தால் அதன்மேல் பட்ட ஒளி நாலாபக்கமும் சிதறும். பக்கவாட்டில் காத்திருக்கும் உணர்கருவிக்கு அந்தச் சிதறல் ஒரு மினுக்கலாகத் தெரியும். ஒரு மினுக்கல், ஒரு துகள். மினுக்கல் பெரிதென்றால் துகளும் பெரும்பாலும் பெரிது.*

(* 'பெரும்பாலும்' என்பதைக் கவனிக்கவும். கறுப்புத் துகள் ஒளியில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். இருப்பதைவிடச் சின்னதாகக் கணக்கில் ஏறும். கருவி துகளைப் பார்ப்பதே இல்லை. துகள் ஒளியை என்ன செய்தது என்பதைத்தான் பார்க்கிறது. இதை மனிதர்களுக்குப் பொருத்தி ஒரு பத்தி எழுதினேன். எடுத்துவிட்டேன். உங்களுக்கே பொருத்தத் தெரியும்.)

துகள் உலோகமா, நூலா, தோலா என்று கருவி சொல்லாது. யாருடையது என்றும் சொல்லாது. எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் மணி அடிக்கும். நிரப்பும் வேலை நின்றுவிடும். ஆறு பேரும் வெளியே வந்துவிட வேண்டும். அப்போது நிரம்பியிருந்த குப்பிகள் குப்பைக்குப் போகும். பெரியவள் பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தை நாலு மணிக்குள், ஷிப்டு முடிவதற்குள், நிரப்ப வேண்டும்.

முதல் நாள் மணி அடித்தது. 'வடிகட்டி' என்று எழுதினாள். பராமரிப்புக்காரர் (ஸ்பேனர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்) வந்து கூரை வடிகட்டியை மாற்றினார். இரண்டாம் நாளும் அடித்தது. 'கதவு' என்று எழுதினாள். ஸ்பேனர் கதவின் ரப்பரை மாற்றினார்.

"நாளைக்கும் அடிச்சா அடுத்து என்னைத்தாம்மா மாத்துவாங்க. நல்லாப் பாத்து எழுதுங்க" என்றார்.

மூன்றாம் நாள் அவள் எண்ணைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்த்தாள். இரண்டு மணி பத்து நிமிடம். வெள்ளை உருவம் ஒன்று வலது முழங்கையை இடுப்பில் வைத்து இரண்டு தரம் தேய்த்தது. குழாய் வழியே காற்று வந்துசேர ஆறேழு விநாடி ஆகும். ஏழாவது விநாடியில் எண் துள்ளியது, மணி அடித்தது.

உருவம் திரும்பி நடந்தது. நடையே போதும். ஒரே அடுப்படியில் ஐந்து வருடம் இடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு முகம் எதற்கு?

4

இந்த இடத்தில் எனக்குச் சின்னவள்மேல் சந்தேகம் வந்தது. முதல் வரைவில் அவள் ஓர் அப்பாவி. உடை மாற்றும் அறையில் பெரியவளின் கைகளைப் பிடித்துக்கொண்டு [அடித்தது: தேம்பித் தேம்பி]. அந்த மாதிரி அறைகளில் யாரும் தேம்பி நான் பார்த்ததில்லை. அடுத்த ஆள் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்.

பெரியவளையும் கெடுத்து வைத்திருந்தேன். அவளுக்குக் குழந்தையில்லை, சின்னவளுக்கு இரண்டு. பொறாமைக்கு ஒரு காரணம் வேண்டுமே என்று. மலிவான வேலை. ஓரகத்திகளுக்குள் முறைத்துக்கொள்ளக் காரணமா வேண்டும்? காலையில் குளியலறைக்குள் யார் முதலில் போவது என்பதே போதும்.

ஆகவே மறுபடியும். மற்ற ஐந்து பேரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். சின்னவள் வெள்ளை உறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பெரியவள் வாசலில் நின்றாள்.

"என்னக்கா இப்படிப் பாக்குறீங்க? உங்க கல்யாண ஆல்பத்தைக்கூட நீங்க இவ்வளவு உத்துப் பாத்ததில்ல."

"முழங்கையைக் காட்டு."

"ஏன், முழங்கையில மீசை முளைச்சிருக்கா?"

"காட்டுடி."

சின்னவள் சிரிப்பை நிறுத்தினாள். சட்டைக் கையை மேலே ஏற்றினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் சிவந்து, வெடித்து, காய்ந்த பசைபோல உரிந்துகொண்டிருந்தது. கையை அசைத்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் நாலைந்து செதில்கள் மினுங்கிக்கொண்டே கீழே இறங்கின.

"எப்போலேருந்து?"

"ஒரு மாசமா. கை கழுவுற மருந்துதான். நாளுக்குப் பத்துத் தரம், முழங்கை வரைக்கும். சுத்தமா இருன்னாங்க, இருந்தேன். இப்ப தோலே கழண்டு வருது."

"தோல் உரிஞ்சா உள்ள போகக் கூடாதுன்னு முதல் நாளே கையெழுத்து வாங்கினாங்கல்ல? ஏண்டி சொல்லல?"

"சொன்னா, 'சரியாகுற வரைக்கும் வீட்ல இரு'ம்பாங்க. தற்காலிக ஆளை அப்புறம் யாருக்கா கூப்பிடுவா? இன்னும் பதினோரு நாள்ல நிரந்தரம் ஆயிடும். பன்னண்டாவது நாள் நானே போய்ச் சொல்றேன். அதுவரைக்கும் கண்ணை மூடிக்கோங்க."

"நான் மூடினா மெஷின் மூடுமா?"

"அதுக்கு என் பேரு தெரியாதே."

"எனக்குத் தெரியுமே."

சின்னவள் சட்டைக் கையை இறக்கிவிட்டாள். "சரி, எழுதுங்க. எழுதிட்டு வீட்டுக்கு வாங்க. 'பெரியவளுக்குப் பொறுக்கல, வேலையைக் கெடுத்துட்டா'ன்னு அத்தை தெருவையே கூட்டுவாங்க."

"எழுதலைன்னா?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மிக்சி ஓடலைன்னா பிளக் போட்டிருக்கான்னு பாக்கத் தெரியாது அவங்களுக்கு. இதையா கண்டுபிடிக்கப் போறாங்க?"

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது.

5

முடிவு ஒன்று. 'பணியாளர் தோல்' என்று எழுதுகிறாள். சரியான முடிவுதான். சின்னவள் வீட்டில் உட்காருவாள். அவள் இடத்துக்கு இன்னொருத்தி வருவாள், பத்துத் தரம் முழங்கைவரை கழுவுவாள், ஒரு மாதத்தில் அவளும் தேய்ப்பாள்.

முடிவு இரண்டு. மறுபடியும் 'வடிகட்டி'. ஸ்பேனர் மாட்டிக்கொள்வார். மணி அடித்த குப்பிகள் எப்படியும் குப்பைக்குத்தானே போகின்றன, மருந்து போட்டுக்கொள்பவருக்கு என்ன கெடுதல் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். நிற்கவில்லை. குழாய் உறிஞ்சுவது அறையின் காற்றில் கொஞ்சத்தைத்தான். குழாய்க்கு அகப்படாத செதில், மணி அடிக்காத நேரத்தில், எந்தக் குப்பிக்குள் இறங்கியது? அது யார் கண்ணில் சொட்டப் போகிறது?

முடிவு மூன்று. 'கை கழுவும் மருந்து'. இது எனக்குப் பிடித்திருந்தது. பொய்யும் இல்லை. ஆனால் மேலாளர் கேட்கும் முதல் கேள்வி 'யாருக்கு?' என்பதாகத்தான் இருக்கும். [அடித்தது: அப்போது பெரியவள் நிமிர்ந்து நின்று] நிமிர்ந்து நின்று என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை.

நாலாவதைச் சின்னவளே கொண்டுவந்தாள். மூன்றே முக்காலுக்கு, தலையைக்கூடச் சரிசெய்துகொள்ளாமல், பெரியவளின் மேசைக்கு எதிரே வந்து நின்றாள்.

"குடுங்க, நானே எழுதிடுறேன். உங்களுக்கு எதுக்கு வீண்பழி?"

"என்ன எழுதுவ?"

"அது என் பாடு."

பெரியவள் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பாத்தவங்கதான் எழுதணும். அதான் இங்க ரூல்."

"சரி, நீங்க என்ன பாத்தீங்க? சொல்லுங்க."

பெரியவள் பேனாவைத் திறந்து கட்டத்தின்மேல் பிடித்துக்கொண்டாள். எழுதுவாள் என்று நானும் வெகுநேரம் காத்திருந்து பார்த்தேன்.

6

அந்த விதி என்னை வெளியே தள்ளுகிறது. நான் எதையும் பார்க்கவில்லை. ஒரு சுருளில் மூன்று எண்களைப் பார்த்தேன், மீதியை இட்டுக்கட்டினேன். முழங்கையைப் பார்த்தது நீங்கள். செதில்கள் இறங்கியபோது அந்த அறையில் இருந்தீர்கள். மிக்சிக்குச் சிரித்தும் இருப்பீர்கள். பதினோரு நாள் என்பது உங்களுக்குத் தெரியும். மருந்து யாருடைய கண்ணில் விழும் என்பது தெரியாது.

கட்டம் சின்னது. இரண்டு மூன்று சொல்லுக்குத்தான் இடம். காலியாக விடவும் கூடாது. மணி மூன்று ஐம்பத்தாறு. பதிவேட்டை வாங்கிப்போக வருகிறவரின் காலடிச் சத்தம் தாழ்வாரத்தில் கேட்கிறது. இருவருமே உங்களைத்தான் பார்க்கிறார்கள்.

காரணம்: . . . . . . . . . . . . . . . .