முப்பத்திரண்டாவது ஆள்

பஸ் காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பியது. ஆறு ஐம்பதுக்கு வழிகாட்டி மைக்கைக் கையில் எடுத்தான். எடுத்தவன் அதைக் கீழே வைக்கவே இல்லை.

"எல்லாருக்கும் காலை வணக்கம்! எங்கே, சத்தமா திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்! என்னங்க இது, வீட்டுல யாரும் எழுப்பாம தூக்கத்துலயே வந்துட்டீங்களா? இன்னொரு தடவை!"

மூத்தவளுக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. நகரத்தில் ஒரு பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள் அவள். நாள் முழுக்கக் குனிந்தபடி மெழுகில் பல்லை ஒவ்வொன்றாகப் பதிக்கிற வேலை. பக்கத்து மேசைக்காரி இரண்டு தடவை தும்மினால்கூட நிமிர்ந்து முறைப்பாள். அப்பேர்ப்பட்ட பொறுமைசாலியின் தலைக்கு நேர் மேலே ஒலிபெருக்கிப் பெட்டி. பக்கத்தில், ஜன்னலோரம், அவள் தங்கச்சி.

இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தவளே மூத்தவள்தான். மலை பார்க்கவா? மலையாவது மண்ணாங்கட்டியாவது! தங்கச்சியிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மூன்று வருடமாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிற விஷயம்.

அம்மா பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கூட இருந்து பார்த்தவள் மூத்தவள். இளையவள் ஒரு ராத்திரி ரயில் தூரத்தில், கைக்குழந்தையோடு இருந்தாள். "நான் கிளம்பி வரட்டுமாக்கா?" என்று முதல் நாளே போனில் கேட்டாள். "பயப்படுற மாதிரி ஒண்ணுமில்லை. வரவேண்டியிருந்தா நானே சொல்றேன்" என்றாள் மூத்தவள். ஐந்தாம் நாள் டாக்டர் கையை விரித்துவிட்டார். அம்மாவோ கண் விழிக்கும்போதெல்லாம், "சின்னவ எங்கே?" என்றாள். மூத்தவள் போன் பண்ணவில்லை.

ஏன் பண்ணவில்லை? வயிற்றெரிச்சல், வேறென்ன? பீத்துணி அலசுகிறவள் ஒருத்தி, அம்மா வாயில் வருகிறவள் இன்னொருத்தி என்றால் எரியாதா? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். பன்னிரண்டாம் நாள் விடிந்தபோது அம்மா இல்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அலறியடித்துக்கொண்டு வந்து இறங்கிய தங்கச்சியை வாசலிலேயே நிறுத்தி, நாலு பேர் முன்னால், "இப்ப வந்து யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்குச் சொந்தக்காரர்கள் வாயில் விழுந்தவள்தான் இளையவள். பெற்ற தாயை எட்டிப் பார்க்காத மகள் என்ற பேர் அவளுக்கு நிலைத்துவிட்டது. அவளும் அதை நம்பி, ஒவ்வொரு விசேஷத்திலும் ஒதுங்கி ஒதுங்கி நின்றாள். பார்க்கப் பார்க்க மூத்தவளுக்கு நெஞ்சு பதறும். வாய் மட்டும் திறக்காது.

இப்போது அவகாசம் முடிந்துபோயிற்று. நாளை மறுநாள் இளையவள் புருஷன் பிள்ளையோடு கடல் தாண்டிக் குடிபோகிறாள். விடைபெற வந்து மூன்று நாளாக அக்கா வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். ஆனால் அது இரண்டே அறை வீடு. குளியலறையில் சொம்பு உருண்டால் சமையலறையில் யார் என்று கேட்பார்கள். தனியாக ஒரு வார்த்தை பேச வழியில்லை. அதனால்தான் அக்காவும் தங்கச்சியும் மட்டுமாக இந்த ஒரு நாள் மலைப் பயணம். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம், பக்கத்துப் பக்கத்து சீட்டு. சொல்லாமல் எங்கே போய்விடும் என்று கணக்குப் போட்டாள். மைக்கைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வழிகாட்டி ஒன்று, இரண்டு என்று விரலால் தலைகளைத் தொடாமல் தொட்டுக்கொண்டே கடைசி வரிசை வரை போய்த் திரும்பினான். "முப்பத்திரண்டு! போகும்போது முப்பத்திரண்டு, வரும்போது முப்பத்திரண்டு. அதுதான் என் ஒரே சட்டம்!"

"முழு வாய்ப் பல்லு" என்று மூத்தவள் முணுமுணுத்தாள். இளையவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் தைரியம் வந்தது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி."

"சொல்லுக்கா."

"இடது பக்கம் பாருங்க!" என்று தலைக்கு மேலே வெடித்தது. "இதோ தெரியுதே, இதுதான் நகரத்தோட பழைய தண்ணீர்த் தொட்டி! இதுல எத்தனை லிட்டர் பிடிக்கும்? கரெக்டா சொல்றவங்களுக்கு ஒரு சாக்லேட்!"

தொட்டி பார்க்கவா இத்தனை தூரம் வந்தார்கள்? மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். தொட்டிக்குப் பிறகு ஒரு பாலம், பாலத்துக்குப் பிறகு விடுகதை, விடுகதைக்குப் பிறகு கைதட்டல் போட்டி. பொறுக்க மாட்டாமல் எழுந்து, "தம்பி, கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க, காது வலிக்குது" என்றாள். "அக்காவுக்குக் காது வலிக்குதாம், எல்லாரும் அக்காவுக்காக ஒரு தடவை கைதட்டுங்க!" என்று அதையும் மைக்கிலேயே சொன்னான் அந்தப் புண்ணியவான்.

பின்னால் இடம் இருக்கிறதா என்று பார்க்கப் போனாள். கடைசி நீள சீட்டில் ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கால் நீட்டித் தூங்கினார். அவர் காலை இவள் மிதித்துவிட, துண்டை விலக்கிப் பார்த்தார். "நான் இந்தக் கம்பெனி டிரைவர்தாம்மா. அடிவாரத்துல என் வண்டி நிக்குது, அங்கே இறங்கிடுவேன். அப்புறம் தாராளமா வந்து உட்காருங்க" என்று மறுபடியும் மூடிக்கொண்டார். அடிவாரத்தில் சொன்னபடி பின்வாசல் வழியாக இறங்கியும் போனார். ஆனால் அவர் கால் தரையில் பட்டதுமே, கல்லூரிப் பெண்கள் மூன்று பேர் குடுகுடுவென்று ஓடி அந்த சீட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்து ஒரு கம்பளிக் கடை. "இருபதே நிமிஷம்" என்று இறக்கிவிட்டு ஐம்பது நிமிடம் அடைத்து வைத்தார்கள். கடையின் பின்மூலையில், போர்வை அடுக்குக்கு நடுவே, மூத்தவள் தங்கச்சியின் கையைப் பிடித்தாள்.

"அம்மாவைப் பத்தி ஒரு விஷயம்..."

இளையவளின் முகம் சுருங்கியது. "தெரியும்க்கா. கிளம்பறதுக்கு முன்னால நானே உன்கிட்ட மன்னிப்புக் கேட்கணும்னு இருந்தேன். நீ வரவேண்டாம்னு சொன்னாலும் நான் வந்திருக்கணும்."

அடிப் பாவி, இவள் மன்னிப்புக் கேட்கிறாளே! "இல்லடி, அது இல்ல" என்று ஆரம்பிப்பதற்குள் கடைக்காரர் எங்கிருந்தோ முளைத்து, இருவர் தோளிலும் ஆளுக்கொரு சால்வையைப் போர்த்தினார். "அக்கா தங்கச்சிக்கு ஒரே நிறம்! அம்சமா இருக்கு! கண்ணாடியைப் பாருங்க!" கண்ணாடியில் தெரிந்த முகத்தை மூத்தவளுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மலை முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மணி. எங்கே பார்த்தாலும் பனிமூட்டம். இரும்புக் கம்பித் தடுப்புக்கு அப்பால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெறும் வெள்ளை. "இங்கேருந்து மூணு சிகரம் தெரியும், பின்னால அருவி தெரியும்" என்று அந்த வெள்ளையைக் காட்டி வழிகாட்டி விளக்கினான். ஜனங்கள் அதையும் படம் பிடித்தார்கள்.

"முக்கால் மணி நேரம் உங்க இஷ்டம்!" என்றான்.

அப்பாடா! மூத்தவள் தங்கச்சியை இழுத்துக்கொண்டு கம்பியோரமாகவே வெகுதூரம் நடந்தாள். கடைசியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. ஈ காக்கை இல்லை. வீட்டில் கண்ணாடி முன்னால் பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். அதில் ஒரு சின்னச் சலுகையும் எடுத்துக்கொண்டிருந்தாள்: அம்மா ஒரு தடவை கேட்டாள் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு தடவை என்றால் மன்னிக்கலாம் இல்லையா?

"அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ நீ கேட்டியே, வரட்டுமான்னு..."

விசில்.

நீளமான, காதைக் கிழிக்கிற விசில். பின்னாலேயே மைக்: "எல்லாரும் உடனே பஸ்ஸுக்கு வாங்க! ஒரு ஆள் குறையுது! அவசரம்!"

வந்து பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. மூத்தவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "வா அக்கா, யாராவது விழுந்து கிழுந்து தொலைச்சிருக்கப் போறாங்க" என்று இளையவள் எழுந்து ஓடினாள். வேறு வழி?

சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பதற்காக எண்ணினானாம். முப்பத்தொன்றுதான் இருந்ததாம். எல்லோரையும் சீட்டில் உட்கார வைத்து மறுபடியும் எண்ணினான். முப்பத்தொன்று. பின்னாலிருந்து எண்ணினான். முப்பத்தொன்று. அவன் முகத்தில் ஈயாடவில்லை. பெயர்ப் பட்டியல் கிடையாதா என்று ஒருவர் கேட்டதற்கு, "தலையை எண்ணுறதுதான் சார் எங்க பழக்கம்" என்றான். யாரும் இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, டிரைவரும் அவனுமாகக் கம்பியோரம், கழிப்பறை, டீக்கடை என்று தேடிப் போனார்கள். கைமைக்கில் அவன் கூவுவது பஸ்ஸுக்குள் கேட்டது. "முப்பத்திரண்டாவது ஆள் எங்கே இருந்தாலும் வரவும்!"

அந்த நேரம் பார்த்துப் பனி விலகியது. பஸ்ஸின் வலது பக்கம் பளீரென்று மூன்று சிகரமும் எழுந்து நின்றன. இரண்டாவதன் மடியில் அருவி. இவர்கள் சீட்டு இடது பக்கம். எதிரே கழிப்பறைச் சுவர்.

எல்லோரும் வலது பக்கம் சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மூத்தவள் மட்டும் சீட்டுகளைப் பார்த்தாள். அவள் கைக்கு வருகிற பல் செட்டில் எண்ணிக்கை இடித்தால், எந்த இடத்தில் எது இருந்தது என்று முதலிலிருந்து அடுக்கிப் பார்ப்பாள். இப்போதும் அப்படியே அடுக்கினாள். முன் வரிசை சரி. நடு வரிசை சரி. கடைசி நீள சீட்டில் இப்போது மூன்று பெண்கள். காலையில் அந்தப் பெண்கள் முன்னால் இருந்தார்கள். அங்கே இருந்தது...

"அடக் கடவுளே!"

இறங்கி ஓடி, டீக்கடை வாசலில் அவனைப் பிடித்தாள். "தம்பி! காலையில கடைசி சீட்டுல துண்டைப் போர்த்திட்டு ஒருத்தர் தூங்கினாரே, அவரையும் சேர்த்தா எண்ணினீங்க?"

"ஆமாக்கா, தலை தெரிஞ்சுதே, எண்ணினேன்."

"அவரு உங்க கம்பெனி டிரைவருய்யா! அடிவாரத்துலயே இறங்கிப் போயிட்டாரு!"

அவன் வாயைத் திறந்தான். அன்றைக்கு முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். மூட்டம் மறுபடியும் இறங்கிச் சிகரங்களை மூடிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரமும் தீர்ந்திருந்தது.

திரும்பும் வழியில் பஸ்ஸே கொதித்தது. அவனைப் பிடித்து ஆளாளுக்கு ஏறினார்கள். சமாதானம் பண்ணுகிறேன் பேர்வழி என்று அவன் ஒரு யோசனை கண்டுபிடித்தான். "கோபம் வேண்டாம்! மைக் உங்க கையில! ஆளுக்கு ரெண்டு வார்த்தை, இன்னைய அனுபவத்தைச் சொல்லுங்க!"

மைக் கை மாறிக்கொண்டே வந்தது. ஒருவர் திட்டினார். ஒருவர் கொட்டாவி விட்டார். கல்லூரிப் பெண்கள் கத்திச் சிரித்தார்கள். மூத்தவள் காதில் ஒன்றும் விழவில்லை. ஒரு நாள் முழுக்கப் போயிற்று. வீட்டில் மறுபடியும் அதே இரண்டு அறை. நாளைக்குப் பெட்டி கட்டுகிற அமளி. அதற்கு அடுத்த நாள் விமானம். இனி எப்போது?

யாரோ மைக்கை அவள் மடியில் வைத்தார்கள்.

"அக்கா, ரெண்டே வார்த்தை!" என்றான் வழிகாட்டி.

எடுத்தாள். அவள் குரல் தலைக்கு மேலிருந்து அவளுக்கே பெரிதாகக் கேட்டது.

"நான் மலை பார்க்க வரலை. இதோ என் தங்கச்சி. இவகிட்ட ஒண்ணு சொல்ல வந்தேன். காலையிலேருந்து சொல்ல விடலை. அதனால இதுலயே சொல்றேன்."

சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் சிரிக்கவில்லை.

"அம்மா சாகறதுக்கு முன்னால உன்னைக் கேட்டாங்கடி. பிழைக்க மாட்டாங்கன்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு. நான்தான் உனக்குப் போன் பண்ணலை. பொறாமை. நான் பார்த்துக்கறேன், அவங்க உன் பேரைச் சொல்றாங்களேன்னு பொறாமை. நீ வராம இல்லை, நான் வரவிடலை. நாலு பேர் முன்னால உன்னை அப்படிக் கேட்டேனே, அவங்க முன்னால இதைச் சொல்ல எனக்குத் துப்பில்லை. இந்த முப்பது பேர் முன்னாலயாவது சொல்றேன்."

இளையவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"எத்தனை தடவை கேட்டாங்க?"

ஒரு தடவை. கண்ணாடி முன்னால் சொல்லிப் பழகிய பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மைக் வாய்க்கு நேராக இருந்தது.

"தினமும். பதினோரு நாளும்."

"நீ என்ன சொன்னே?"

"வந்துட்டே இருக்கா, ரயில் ஏறிட்டான்னு சொன்னேன்."

இளையவள் இப்போதுதான் திரும்பினாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. மூத்தவள் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். புரட்டிப் புரட்டிப் பார்த்து, அடியில் இருந்த சின்னப் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தினாள். தலைக்கு மேலே இருந்த பெட்டி டப்பென்று செத்தது. வழிகாட்டி கை நீட்டினான்; அவள் கொடுக்கவில்லை.

மூத்தவளுக்கு விசும்பல் வெடித்தது.

"அழாதே. எனக்குக் கோபம் கோபமா வருது, நீ அழுதா இன்னும் வரும்" என்றாள் இளையவள். "அம்மா என்ன சாப்பிட்டாங்க, என்ன பேசினாங்க, என்னை எப்படிக் கேட்டாங்க, ஒண்ணு விடாம எனக்குத் தெரியணும். முதல் நாளிலேருந்து சொல்லு."

நகரத்துக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. மூத்தவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, முதல் நாளிலிருந்து ஆரம்பித்தாள்.