ஆளைத் தெரியாத மிஷின்

கரி ஏற்றிப்போகும் பெல்ட்டுக்கு அடியில் சிந்திய நிலக்கரியை நாள் முழுக்க வாரிப் போட்டதில் லூர்துராஜுக்கு இடுப்பு கழன்று விழுவது போல வலித்தது. சுரங்க வாசலில் புதிதாக மாட்டியிருந்த, முகம் பார்த்து வருகை பதியும் மிஷின் முன்னால் போய் நின்றான். ஆள் பதிவில் இல்லை என்றது மிஷின்.

"மூஞ்சி பூரா கரி. கழுவிக்கினு வாய்யா," என்றான் சூப்பர்வைசர் சரத்குமார். "வெளிய போறப்பவும் பதியலன்னா கூலி கெடையாது."

சுரங்கத்து மோட்டார்கள் ராப்பகலாக இறைத்ததில் சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் வறண்டு கிடந்தன. வாசல் குழாய் காற்றைத்தான் துப்பியது. துண்டால் துடைத்தான், கரி இன்னும் நன்றாகப் பரவியது.

"கரி வார்ற எடத்துல இன்னா, சந்தனமா பூசிக்குவாங்க? நான்தான்னு நீங்களாவது சொல்லுங்க சார்."

"எனக்குத் தெரியுதுய்யா. மிஷினுக்குத் தெரியணுமே."

கடைசியில் சரத்குமார் பெரிய மனசு பண்ணி, பழைய படத்தை எடுத்துவிட்டு, அந்தக் கரி முகத்தையே புதிதாகப் படமெடுத்து மிஷினில் ஏற்றினான். மறுநாள் காலை குளித்துவிட்டு வந்த லூர்துராஜை மிஷின் உள்ளே விடவில்லை.

இப்போதெல்லாம் அவன் மனைவி கிரேஸ் அடுப்புக்கரியைக் குழைத்து, முகத்தில் பூசிவிட்டுத்தான் வேலைக்கு அனுப்புகிறாள். சங்கராபுரம் பஸ்ஸில் அவன் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. மிஷின் மட்டும் பார்த்ததுமே வணக்கம் சொல்கிறது. காலையில் வந்த ஆள் வேறு, மாலையில் போன ஆள் வேறு என்று அது பதிந்துவைத்த அந்த முதல் நாள் கூலி அறுநூறு ரூபாய் இன்னும் பாக்கி.