பந்து வளையவில்லை

அக்கா வாளியைக் கவிழ்த்தாள். வெள்ளைப் பந்துகள் வரைமேசை முழுக்க உருண்டன. சில தரையில் குதித்து அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன.

“இந்தா, உன் கோழி என் வீட்டுல போட்ட முட்டை. வச்சு அடைகாத்துக்கோ.”

தம்பி பென்சிலைக் கீழே வைத்தான். கோல்ஃப் மைதானங்களை வடிவமைத்துக் கொடுப்பது அவன் தொழில். அடிக்கத் தொடங்கும் மேடையிலிருந்து கொடி நட்ட இடம்வரை நீளும் புல்பாதை முழுவதையும் அந்தத் தொழிலில் ‘குழி’ என்பார்கள். நேராகப் போனால் நேர்க்குழி. நாயின் பின்னங்காலைப் போல நடுவில் மடங்கினால் நாய்க்கால். நேர்க்குழிக்குக் கைபலம் போதும், நாய்க்காலுக்குத்தான் மூளை வேண்டும் என்பது அவன் கட்சி. புது மைதானத்தின் ஏழாவது குழி, அவன் வரைந்த நாய்க்கால்களிலேயே அழகானது. அதன் உள்மடிப்பில் அக்காவின் வீடு இருந்தது.

“முதலாளி நேராத்தான் போடச் சொன்னார் அக்கா. போட்டிருந்தா உன்னை எப்படியாவது அங்கேருந்து கிளப்பியிருப்பாங்க. உன் வீட்டுக்காகச் சண்டை போட்டு வளைச்சேன். நன்றி வேண்டாம், வாளியைத் தூக்கிட்டா வர்றது?”

“நீ வளைச்சே. பந்து வளையலையே!”

உண்மைதான். திறப்பு விழாவுக்கு முன் வெள்ளோட்டமாக ஆட வந்தவர்களில் எவனும் பாதையோடு போகவில்லை. மடிப்பைச் சுற்றுவானேன் என்று வீட்டுக்கு மேலேயே குறுக்கே அடித்தார்கள்.

“மரம் வைக்கிறேன்.”

“அது வளர்ற வரைக்கும் உங்க அத்தான் உள்ளேயே கிடக்கணுமா?”

“வலை கட்டுறேன்.”

“கூண்டுல போடுறேன்னு நேராவே சொல்லேன்.”

பக்கவாதம் வந்த அத்தானை முற்றத்தில் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர், துணி காயப்போடும் கொடிக்கயிறுவரை தனியாகப் போகத் தேறியிருந்தார். முந்தின நாள் ஒரு பந்து அவர் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. அதற்குப் பிறகு அக்கா அவரை வாசற்படி தாண்ட விடவில்லை.

“எல்லாத்தையும் மிகைப்படுத்துறே! வா, நானே வந்து நிக்கிறேன். எத்தனை பந்து வருதுன்னு பார்ப்போம்” என்று அவன் கத்தினான்.

“நில்லு. நின்னு பாரு.”

வழியெல்லாம் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார்கள்.

முற்றத்தின் நடுவே போய் நின்றான். காகிதத்தில் மேலிருந்தே பார்த்துப் பழகிய இடத்தை முதன்முறையாகக் கீழிருந்து பார்த்தான். ஒரு பக்கம் மேடை, மறுபக்கம் கொடி, இரண்டுக்கும் நடுவில் அவன் தலை. மேடையில் ஒருவன் மட்டையை ஓங்கிப் பழகிக்கொண்டிருந்தான்.

கதவு திறந்தது. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அத்தான் வெளியே வந்தார்.

“உள்ளே போங்கன்னா!” அக்கா அலறினாள்.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு காலை இழுத்து இழுத்து மச்சானிடம் வந்து சேர்ந்தார். வேலை செய்கிற ஒற்றைக் கையால் ஹெல்மெட்டைக் கழற்றி, அவன் தலையில் வைத்து அழுத்தினார்.

“விருந்தாளி... நீ” என்றார் குழறலாக. வாயின் ஒரு பாதி சிரித்தது.

கூரைத் தகரத்தில் பந்து இடிபோல் விழுந்தது. வெறுந்தலையோடு நின்ற அத்தானை அவன் அப்படியே அணைத்துக் குனிந்தான். பந்து துள்ளி வந்து அவர்கள் காலடியில் நின்றது.

கோபம் அவனுக்கு அப்போதும் அடங்கவில்லை. ஆனால் ஆள் மாறியிருந்தது. அக்காமேல் இருந்ததெல்லாம் தன் மேலேயே திரும்பியது. நல்லது செய்தோம் என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டவன், அந்த நன்மை போய்ச் சேர்ந்ததா என்று ஒருநாள்கூட வந்து பார்த்ததில்லை. அத்தானுக்கோ கொடுக்க இருந்தது ஒன்றே ஒன்று. கொடுத்துவிட்டார்.

ஹெல்மெட்டோடு விறுவிறுவென்று மேடைக்குப் போனான். அடிக்குமிடத்தைக் காட்டும் கட்டைகளைப் பிடுங்கினான். வெள்ளோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி ஓடிவந்தார்.

“என்னய்யா பண்றே, பைத்தியமா?”

“மேடை இனி மடிப்புக்கு அந்தப் பக்கம். வீட்டுக்கு முதுகைக் காட்டிட்டு அடிக்கட்டும். மிச்சம் இருக்கிற பாதை நேரா போகும்.”

“பாதிக் குழியா? சின்னப் பிள்ளைகூட அடிச்சிடுமே! மைதானத்துக்கே பேரு வரப்போறது இந்த வளைவாலதான். வளைச்சே ஆகணும்னு என்கிட்ட மல்லுக்கு நின்னதே நீதானே?”

“நான்தான். தப்பு பண்ணிட்டேன். இல்லேன்னா நீங்க அந்த முற்றத்துல கொஞ்ச நேரம் நின்னுட்டு வாங்க, வளைவு இருக்கட்டும். ஹெல்மெட் ஒண்ணுதான் இருக்கு. இந்தாங்க, உங்களுக்கே தர்றேன்.”

முதலாளி முற்றத்தைப் பார்த்தார். அங்கே அக்கா இடுப்பில் கைவைத்து இங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஹெல்மெட்டைத் தொடவில்லை.

“என்னமோ செஞ்சு தொலை!”

மேடை இடம் மாறியது. ஆட வந்தவர்கள் அந்த வெட்டுப்பட்ட நாய்க்காலை ‘மொட்டை வால்’ என்று கேலி செய்தார்கள். அத்தான் கொடிக்கயிற்றைத் தாண்டி வேலிவரை நடந்தார்.

அக்கா மட்டும் தம்பியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் அவளே போன் செய்தாள்.

“ஹெல்மெட்டை எப்போ கொண்டு வந்து தருவே?”

“இனி எதுக்கு அக்கா அது?”

“எதுக்கா? உங்க அத்தான் நேத்து வண்டியைத் துடைச்சு வச்சிருக்கார். வர்றப்போ சாப்பிடாம வா” என்று வள்ளென்று விழுந்துவிட்டு போனை வைத்துவிட்டாள்.