சிவப்புக் கோடு போட்ட செல்கள்

கடைக்காரர் எட்டு லாந்தரை வரிசையாக எடுத்து வைத்துவிட்டு, "எத்தனை பேர் கேம்ப் போறீங்க?" என்று கேட்டார்.

"போறது இவன். வாங்குறது நான்," என்றேன்.

தம்பி பக்கத்தில் நின்றுகொண்டு கூடாரத்துக்கு அடிக்கிற ஆணிகளை ஏதோ ஆராய்ச்சி செய்வதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயது, ஆறடி உயரம், சர்வே ஆபீசில் வேலை. அக்கா கூட வந்து விளக்கு வாங்கித் தருவது அவனுக்கு மானப் பிரச்சினை. மானத்தைப் பார்த்தால் இந்த விஷயத்தில் உயிர் போய்விடும் என்று வரும்போதே பஸ்ஸில் வைத்துச் சொல்லிவிட்டேன்.

அவனுக்கு இருட்டினால் கண் தெரியாது. பகலில் அரை மைல் தள்ளி நிற்கிற கம்பத்தில் எழுதியிருக்கும் நம்பரைப் படிப்பான். பொழுது சாய்ந்தால் சுவரும் வாசலும் அவனுக்கு ஒன்றுதான். நாலு மாதத்துக்கு முன்னால், கரண்ட் போன நேரத்தில் கையில் போன் டார்ச்சை வைத்துக்கொண்டே கதவு விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டான். அப்புறம்தான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். சின்ன வெளிச்சம் இவருக்குப் பத்தாது, போகப்போக இது கூடத்தான் செய்யும் என்று டாக்டர் சொன்னார். விஷயம் டாக்டருக்கும் அவனுக்கும் எனக்கும்தான் தெரியும்.

என் வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லவில்லை. அவர் ஒரு பெரிய அரங்கத்தில் மைக் செட் பார்க்கிறவர். அவர் காதில் ஒன்றைப் போட்டால் அதை மைக்கில் சொன்ன மாதிரிதான். போதாக்குறைக்கு, தம்பியின் மேலதிகாரி அவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். அந்தச் சிநேகிதத்தில்தான் வேலையே கிடைத்தது. வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. "அதுவரைக்கும் வாயத் தொறக்காத அக்கா. சொல்லாத சொல்லுக்கு விலை கிடையாது," என்று தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தான்.

அந்த மேலதிகாரிக்கு வருஷா வருஷம் ஆபீஸ் ஆட்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தங்க வைக்கிற பைத்தியம் உண்டு. உச்சியில் ஒரு தட்டைப் பாறை, அதன் மேல் கூடாரம். போன வருஷத்துப் போட்டோவைத் தம்பி காட்டினான். கூடாரத்திலிருந்து பதினைந்து அடி தள்ளிப் பாறை முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் போட்டோவில் வெறும் வானம்தான் இருந்தது.

"வேலி கீலி இல்லையாடா?"

"மலைக்கு யாருக்கா வேலி போடுவா?"

"போகாதடா."

"போகலைன்னா ஏன்னு கேப்பாங்க."

இதற்கு மேல் அவனிடம் பேசுவது சுவரில் முட்டிக்கொள்வது. அதனால்தான் கடைக்கு வந்தோம்.

கடையின் பின்பக்கம் சரக்கு வைக்கிற ஒரு சின்ன அறை இருந்தது, ஜன்னல் கிடையாது. ஒவ்வொரு லாந்தராக அங்கே எடுத்துப் போய்க் கதவைச் சாத்திப் பார்க்கலாம் என்றார் கடைக்காரர். முதல் லாந்தரை ஏற்றினேன். எனக்குப் பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்த சீட்டுவரை தெரிந்தது. தம்பி ஒரு கையை முன்னால் நீட்டிக் காற்றைத் தடவினான். அந்தக் கையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வளர்ந்த பையன், குழந்தை மாதிரி தடவுகிறான்.

"அடுத்தது," என்றேன்.

ஐந்தாவது லாந்தரை ஏற்றியதும் அறை பகலாகிவிட்டது. தம்பி கையை இறக்கினான். நேராக நடந்துபோய் எதிர்ச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது.

"இதுதான்," என்றேன்.

கடைக்காரர் மூக்கைச் சொறிந்தார். "வெளிச்சம் நல்லா இருக்கும்மா. ஆனா இதுக்கு யானைப் பசி. ரிமோட்டுக்குப் போடுற செல்லு நாலு. புது செல்லு போட்டாலே நாலு மணி நேரம்தான் வரும். இன்னொண்ணு, மத்த லாந்தரெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா மங்கும், தீரப் போகுதுன்னு நமக்குத் தெரிஞ்சிடும். இது மங்காது. கடைசி வரைக்கும் ஒரே வெளிச்சம், அப்புறம் பட்டுன்னு நின்னுடும்."

மங்காமல் எரிவது நல்லதுதானே என்று அப்போது நினைத்தேன். கணக்குப் போட்டேன். உள்ளே நாலு, கூட நாலு, மொத்தம் எட்டு மணி நேரம். பொழுது சாய்ந்ததிலிருந்து தூங்குகிறவரைக்கும் நாலு மணி நேரம். நடுவில் எழுந்தால், விடிவதற்கு முன் எழுந்தால், அதற்கு மிச்சம் நாலு. போதும். கடைக்காரரிடமே எட்டு புது செல் வாங்கி, நாலை நானே உள்ளே போட்டேன். மிச்ச நாலை ஒரு சின்னத் துணிப்பையில் முடிந்து லாந்தரின் பிடியில் கட்டினேன்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் புது செல் வாங்கியதே கிடையாது. கையில் பிடித்துப் பேசுகிற வயரில்லாத மைக்குக்கு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புது செல்தான் போட வேண்டும், நடுவில் நின்றுபோனால் வீட்டுக்காரருக்கு வேலை போய்விடும். ஒரு ஷோ ஓடின செல்லை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து, தவறிப்போய்த் திரும்ப மைக்குக்குள் போய்விடக் கூடாதென்று சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுவார். எங்கள் கடிகாரம், ரிமோட், பிள்ளையின் பொம்மைக் கார் எல்லாம் சிவப்புக் கோட்டில்தான் ஓடுகின்றன. எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷன் என்று கிண்டல் பண்ணுவேனே தவிர, அந்தச் சிக்கனத்தில் எனக்கும் கொஞ்சம் பெருமை உண்டு.

வியாழக்கிழமை வாங்கின லாந்தரைச் செருப்பு அலமாரி மேல் வைத்தேன். தம்பி பக்கத்துத் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். சனிக்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொண்டான். கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை ஏற்றிப் பார்த்தேன். கண் கூசியது. திருப்தியாக இருந்தது.

"பாறை ஓரத்துப் பக்கமே போகாத. பொழுது சாயறதுக்கு முன்னாடியே ஏத்திடு. யார் சிரிச்சாலும் அணைக்காத."

"சரி தாயே," என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

அன்றைக்கு மூன்றரை மணிக்கு, ஒரு கட்டு பள்ளிச் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தம்பிதான். மூச்சு வாங்கப் பேசினான்.

"அக்கா, பாதி மலை ஏறியாச்சு. இந்த வளைவு தாண்டினா சிக்னல் கிடையாதாம், அதான் கூப்பிட்டேன். உன் லாந்தருக்குத்தான் இங்க ஒரே மரியாதை. கீழேயே ஏத்திக் காமிச்சேன், எல்லாரும் அசந்துட்டாங்க. இது ஒண்ணே போதும்னு மத்த விளக்கையெல்லாம் சார் வண்டியிலயே வைக்கச் சொல்லிட்டார். சுமை குறையுமாம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ராத்திரி நான்தான் எல்லாருக்கும் வெளிச்சம்." சிரித்தான். "அப்புறம் அக்கா, மத்தவங்களோடது கூடக் கலந்துடாம இருக்கச் செல்லுல கோடு போட்டு வச்சிருக்க பாரு. உன் மூளையே மூளை."

மிஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினேன். "என்ன கோடு?"

"சிவப்புக் கோடு. எட்டுலயும் இருக்கே."

"டேய், ஏறாத. அங்கேயே நில்லு, நான் சொல்றதைக் கேளு..."

எதிர்ப்பக்கம் காற்று இரைகிற சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது.

அரங்கத்துக்கு அடித்தேன். வீட்டுக்காரர் ரகசியக் குரலில் பேசினார். "மீட்டிங் நடக்குது, சீக்கிரம் சொல்லு."

"லாந்தர்ல இருந்த செல்ல எடுத்தீங்களா?"

"ஆமா. நேத்து வாங்க மறந்துட்டேன், காலையில எந்தக் கடையும் தொறக்கல. இன்னைக்கு நாலு மைக், எட்டு செல் வேணும். சரியா எட்டு இருந்துச்சு. பதிலுக்கு எட்டு போட்டுட்டேனே, சும்மாவா எடுத்தேன்? ஒரே ஒரு ஷோ ஓடினதுதான்."

"அது எவ்வளவு நேரம் எரியும்?"

"அந்த லாந்தருக்கா? நாலு செல்லு அரை மணி, முக்கால் மணி வரும். அதுக்கென்ன இப்போ? அணைஞ்சா படுத்துத் தூங்கப் போறாங்க. விளையாட்டுச் சாமானுக்குப் போய் யாராவது புது செல்லு..."

"அவனுக்கு இருட்டுல கண்ணு தெரியாதுங்க."

பின்னால் யாரோ மைக்கில் பேசுவதும் கூட்டம் கை தட்டுவதும் கேட்டன. நான் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னதை, கதவில் இடித்துக்கொண்டதை, தட்டைப் பாறை பதினைந்து அடியில் முடிவதை, அணையும்போது சொல்லாமல் கொள்ளாமல் அணையும் என்பதை. நாலு மாதம் கட்டிக் காத்த ரகசியத்தைச் சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவரும் சிநேகிதனுக்கு அடித்துப் பார்த்தார். அங்கேயும் அதே பெண்தான்.

பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். இருபது நிமிஷத்தில் அவருடைய பைக் வந்து நின்றது. சட்டைப் பை புடைத்துக்கொண்டிருந்தது. மீட்டிங்குக்கு வயர் மைக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு, நாலு மைக்கையும் திறந்து செல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். ஏழு வருஷ சர்வீஸில் அவர் செய்யாத காரியம். எட்டையும் என் கையில் கொட்டினார். லேசாகச் சூடாக இருந்தன.

"மலையடிவாரத்துக்கு எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம். அப்புறம் ஏறணும்."

அப்போது மணி நாலேகால். பொழுது ஆறேகாலுக்குச் சாயும். இரண்டு பேருக்கும் கூட்டத் தெரியும்.

வழி முழுக்க எனக்கு ஒரே நினைப்புதான். அவன் அணைத்து வைத்தால் பரவாயில்லை. தேவைப்படும்போது மட்டும் ஏற்றினால் அந்தப் பழைய செல்லே இரவைத் தாண்டினாலும் தாண்டும். ஆனால் அணைக்க மாட்டான். சின்ன வயதிலிருந்து நான் சொன்ன எதையும் கேட்காதவன், பயந்த விஷயத்தில் மட்டும் அப்படியே கேட்பான். வெயில் இருக்கும்போதே ஏற்றி வைத்துக்கொண்டு, சிரிக்கிறவர்களைப் பார்த்து அவனும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நின்றுபோனால் யார் கையையும் பிடிக்க மாட்டான். துணிப்பையில் இருக்கிற நாலைத் தடவித் தடவிப் போடுவான். அதுவும் நின்ற பிறகு, எல்லாரும் பார்க்கிறார்களே என்று, கண் தெரிகிற மாதிரி எழுந்து நடப்பான்.

"இன்னும் வேகமா போங்க," என்றேன்.

"இதுக்கு மேல போகாது."

எட்டு செல்லையும் முந்தானையில் முடிந்து பிடித்திருந்தேன். வழியில் கடைசி ஊரையும் தாண்டிச் சாலை நேரானதும் தூரத்தில் மலை தெரிந்தது. அதன் மேல்பாதியில் மட்டும் வெயில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் உச்சிக்கு ஏறிவிட்டது. இன்னும் எத்தனை மைல் என்று பார்க்க ஒரு கல் வந்தது, எழுத்து எனக்கே சரியாகத் தெரியவில்லை. அவர் பைக்கின் விளக்கைப் போட்டார்.